நடுச் சிலேட்டு

பிழையின்றி முடிந்த ஒரு சோதனையை நினைத்து மனிதன் திகிலடைய முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். அறுபதுகளின் பிற்பகுதியில், குற்றாலத்தில் சீசனுக்காக நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், ஒரு பிற்பகலில் எனக்கு அது நேர்ந்தது.

அக்காலத்தில் நான் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கணிப்பொறிப் பிரிவில் பணியாற்றிவந்தேன். எங்கள் கணிப்பொறி ஒரு நேரத்தில் ஒரு கணக்கைத்தான் செய்யும். அது முடிந்த பிறகே அடுத்தது. ஒரே நிரலுக்குள் இரண்டு கணக்குகளை மாற்றி மாற்றி ஓடச் செய்யும் வழி ஒன்றை நான் வகுத்திருந்தேன். இயந்திரத்தை ஆளும் மேற்பார்வை நிரலில் கைவைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே, பயன்படுத்துவோராகிய நாங்களே எங்கள் எல்லைக்குள் அதைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தும்போது அது எந்தப் படியில் நின்றது, கையில் என்ன எண் இருந்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். பிறகு மற்றதை, அது விட்ட இடத்திலிருந்து எழுப்ப வேண்டும். இன்னும் தொடங்கவே தொடங்காத கணக்கையும், முதற்படிக்குச் சற்று முன்னால் நின்றுகொண்டிருப்பதுபோல் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்க வேண்டும். அது முடிந்தால் ஆட்சி யாரிடம் திரும்ப வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவை அனைத்தையும் நான் செவ்வனே அமைத்திருந்தேன்.

அதற்கு மேல் ஒரு சிக்கனமும் செய்திருந்தேன். நினைவகம் அப்போது மிகக் குறுகியது. இரண்டு கணக்குகளுக்கும் இடைத்தொகைகளை எழுதிக்கொள்ள ஒரே இடத்தைப் பொதுவாக ஒதுக்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றுதானே ஓடுகிறது, இரண்டு இடம் எதற்கு என்பது என் வாதம். இந்தச் சிக்கனத்தை எங்கள் தலைவரிடம் பெருமையாகவே சொல்லியிருந்தேன். முதல் ஓட்டத்திலேயே சரியாக வரும் என்று வாக்கும் கொடுத்திருந்தேன். விடுமுறை முடிந்து திரும்பும் வாரத்தில் அவர் முன்னிலையில் ஓட்டிக்காட்ட வேண்டும். தவறினால் அந்த வேலை வேறொரு குழுவுக்குப் போய்விடும். அந்தப் பிற்பகலுக்கு மறுநாள் மாலை தென்காசியில் ரயில் ஏற வேண்டியிருந்தது.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிரலை இயந்திரத்துக்குக் கொடுக்குமுன், அதன் பொருள் அறியாத மனிதர்களைக் கொண்டு கட்டளைக்குக் கட்டளை கையால் ஓட்டிப் பார்ப்போம். எழுதியவன் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவன் முகமே விடையைச் சொல்லிவிடும். குற்றாலத்தில் பொருள் அறியாதவர்களாக எனக்குக் கிடைத்தவர்கள் இருவர்: நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்ற என் தந்தையார், மற்றும் என் மனைவி.

சாரல் காற்றில் தாள் நிற்கவில்லை, ஈரத் தரையில் சுண்ணக்கட்டி பிடிக்கவில்லை. ஆகவே கடைத்தெருவில் மூன்று சிலேட்டுகள் வாங்கிவந்தேன். தந்தையாருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. அவரவர் நின்ற இடத்தைக் குறித்துவைக்க. மூன்றாவது நடுவில், இடைத்தொகைக்கான பொதுச் சிலேட்டு. கட்டளைகளை எளிய தமிழில் அட்டைகளில் எழுதிக் கொடுத்தேன். எங்கே எழுதச் சொன்னாலும் அங்கே இருப்பதை அழித்துவிட்டே எழுத வேண்டும், இயந்திரம் அப்படித்தான் செய்யும் என்று இருமுறை வற்புறுத்தினேன். ஓட்டம் முடியும்வரை பேசக் கூடாது என்றும் சொன்னேன்.

"மெஷினுக்குப் புத்தி கிடையாதுன்னு சொல்லுத. அப்ப எதுக்குலே புத்தி உள்ளவங்களப் போட்டு இந்தப் பாடு படுத்துத?" என்றார் தந்தையார், அருவியில் குளித்த ஈரத் துண்டு இன்னும் தோளில் கிடக்க.

"புத்தியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைங்கப்பா."

"அது ஒண்ணும் கஷ்டமில்ல. கோர்ட்டுக் கச்சேரில முப்பது வருசம் அதத்தான செஞ்சேன்."

என் மனைவி சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். நான் சன்னலருகே சென்று, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வெளியே மங்குஸ்தான் கூடைக்காரி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். அவ்வப்போது "மாறு" என்று மட்டும் சொன்னேன். அச்சொல்லுக்கு ஒருவர் நிறுத்துவார், மற்றவர் தொடங்குவார்.

தந்தையாரின் கணக்கு எளியது. நான்கை ஒன்பதால் பெருக்கி நடுச் சிலேட்டில் வைக்க வேண்டும். நான்கைப் பதினொன்றால் பெருக்கி, வைத்ததோடு கூட்ட வேண்டும். இடையில் என் மனைவியின் கணக்கு குறுக்கிடும். இறுதியில் தந்தையார் "எண்பது" என்றார். என் மனைவியின் விடையும் சரியாக இருந்தது. நான் திரும்பி அவர்களைப் பார்த்து, நிரல் நிறைவுபெற்றது என்று அறிவித்தேன். அன்று காலை எங்களைப் பார்க்க வந்திருந்த இலஞ்சி உறவினர்களிடம் சொல்லியிருந்த பெருமைகளில் எதையும் திரும்பப் பெறவேண்டிய அவசியமில்லை என்ற நிம்மதி எனக்கு.

தந்தையார்தாம் எழுந்திருக்க மறுத்தார். "ஏலே, அவ கணக்கு நல்லா இருக்கு. நான் அதச் செய்யுதேன். யம்மா, நீ எஞ் சீட்ட எடுத்துக்கோ."

மறுப்பதற்குக் காரணம் இல்லை. அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். நான் மீண்டும் சன்னலுக்குப் போனேன். "மாறு" என்றேன். மீண்டும் "மாறு" என்றேன். முடிவில் என் மனைவியின் குரல் தயங்கியபடி வந்தது.

"நாப்பத்தொன்பது."

அதே அட்டைகள், அதே எண்கள். அவளது கூட்டலைச் சரிபார்த்தேன், பிழையில்லை. நாற்பத்து நான்கோடு ஐந்தைக் கூட்டியிருந்தாள். நடுச் சிலேட்டில் முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் மற்றக் கணக்கின் இடைத்தொகையான ஐந்து இருந்தது, தந்தையாரின் நேரான கையெழுத்தில்.

"அப்பா, அவ எழுதினத அழிச்சிட்டீங்க."

"அழிச்சேன். நீதான சொன்ன? நடுச் சிலேட்டுல எழுதுன்னு போட்டிருக்கு. துண்டால தொடச்சேன், எழுதுனேன்." அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எங்கன தப்பு, காட்டு."

தப்பு இல்லை. அவர் இயந்திரம் செய்வதை அப்படியே செய்திருந்தார். அப்படியானால் முதல் முறை எண்பது எப்படி வந்தது? நடுச் சிலேட்டைக் கையில் எடுத்தேன். ஏனென்று தெரியவில்லை, திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், என் மனைவியின் சிறிய எழுத்தில், ஓர் ஐந்து இருந்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "கோவப்படாதிய. மாமா எழுதி வச்சிருக்கத நான் எப்படி அழிக்க? திருப்பிப் போட்டு எழுதுனேன். அவுக முறை வந்ததும் பழையபடி வச்சிட்டேன். கணக்கு சரியாத்தான வந்துச்சு?"

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க அங்கன பாத்துக்கிட்டு நின்னிய. பேசவும் கூடாதுன்னிய."

தந்தையார் சிலேட்டை வாங்கி இரு பக்கமும் பார்த்தார். நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அங்க இருக்க மெஷினு எனக்கு மருமவ இல்லலே."

நான் உட்கார்ந்தேன். இயந்திர அறையில், எங்கள் தலைவர் கைகட்டி நிற்க, அச்சுப்பொறி 'நாற்பத்தொன்பது' என்று அடிப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அது நின்றுபோயிருக்காது, பிழை என்று கூவியிருக்காது. தவறான விடையை மிக மரியாதையாகக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கும். தந்தையாருக்கு எழுந்திருக்க மனம் வந்திருந்தால் நான் அதைச் சுமந்துகொண்டு ரயில் ஏறியிருப்பேன்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும் என்பது உண்மையே. ஆனால் நிறுத்தப்பட்டது முடிந்துபோனதல்ல. அது பாதியில் வைத்துவிட்டுப் போனது, அது திரும்பி வரும்வரை அதற்கே உரியது. இரண்டுக்கும் தனித்தனி எழுதுமிடம் வேண்டும். விளக்கு வைக்குமுன் நிரலைத் திருத்தினேன். என் மனைவி அடுப்படியிலிருந்த இன்னொரு சிலேட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பால் கணக்கு எழுதும் சிலேட்டு. இருவரும் இடம் மாறி மாறி மீண்டும் ஓட்டினார்கள். இரு முறையும் எண்பது. இந்த முறை நான் முதுகைக் காட்டி நிற்கவில்லை. அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் இயந்திரம் முதல் ஓட்டத்திலேயே சரியான விடை தந்தது. தலைவர் அச்சுத் தாளைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "பொது இடம் ஒன்றே போதும் என்றீர்கள். இரண்டு ஒதுக்கியிருக்கிறீர்களே?" என்று கேட்டார்.

"குற்றாலத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். போதவில்லை" என்றேன்.

யாரைக் கொண்டு ஓட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.