பயந்துகொண்டே கேட்டவர்

எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். அன்று காலை, யு.பி.எஸ். பேட்டரி அனுப்பாத கள்ளக்குறிச்சிக் கடைக்காரரைத் திட்டுவதற்காக அங்கே போனேன். நான் கூப்பிடுவதற்குள் போன் அடித்தது. தியாகதுருகத்திலிருந்து சுகந்தி மேடத்தின் கணவர்.

"சார், சுகந்தி போயிடுச்சி சார்."

"எங்கே?" என்று கேட்டேன். உண்மையிலேயே அப்படித்தான் கேட்டேன்.

விடியும்போது நெஞ்சு எரிகிறது என்றிருக்கிறார். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. "இன்னிக்கு செவ்வாக்கெழம, மலைக்குப் போவணும், போவணும்னு சொல்லிக்கினே இருந்திச்சி சார். அதான் உங்களுக்கு சொல்லிடலாம்னு..." என்றார். 

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். அந்த நேரத்தில் பள்ளிக்குள் ஒரு பெண் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

இதைப் படிக்கிற ஆசிரியர்கள் பலருக்கு சுகந்தி மேடத்தைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுகிற மனநல ஆலோசகர். ஒப்பந்த வேலை. ஒரு நாள் உளுந்தூர்பேட்டைப் பக்கம், ஒரு நாள் சின்னசேலம் பக்கம், செவ்வாய்க்கிழமை கல்வராயன் மலை. நான் அந்த மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். படித்தது எலக்ட்ரானிக்ஸ். மனசைப் பற்றி ஒரு பாடமும் படித்ததில்லை.

இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அவரைத் தைரியசாலி என்றார்கள். தப்பு. எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர் அவர்தான். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்வார். முன்கம்பியைப் பிடித்த கை வெள்ளிமலை வரை விடாது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மேடம், நான் கண்ணத் தொறந்துகினுதான் ஓட்றேன், பயப்படாதீங்க" என்பார். "நீங்களாச்சும் தொறந்து வைங்க. ரெண்டு பேருக்கும் சேத்துப் பாருங்க" என்பார் மேடம். பஸ் முழுக்கச் சிரிக்கும். அவர் கண்ணைத் திறக்க மாட்டார்.

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தது கீழே ஒரு பள்ளியில். அப்போது நான் ஆய்வகங்களுக்கு வயரிங் போடுவதற்காகப் பள்ளி பள்ளியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். காலை வணக்கக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான், மைக்கில் அறிவித்தார்: "மனநல ஆலோசனைக்கு வர வேண்டியவர்கள்..." என்று தொடங்கி வகுப்பு, பிரிவு, பெயர் எல்லாம் வாசித்தார். மதியச் சாப்பாட்டுக்குள் அதில் ஒரு பையனுக்கு 'மெண்டல்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மேடம் கரும்புத் தோட்டத்துக்கே போனார். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாராம்: "எம் புள்ளைக்கு இன்னா கோளாறுன்னு மைக்குல சொன்னீங்க?" மேடம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். வெயில் தாழ்ந்த பிறகு அந்த அம்மாவே, "எழுந்து வூட்டுக்கு வாங்க, தண்ணி குடிங்க" என்றிருக்கிறார். பையன் திரும்பி வந்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் மேடம் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லித் தனியாகக் கூப்பிட்டதில்லை.

மலைக்கு நான் மாறி வந்தபின், ஒரு செவ்வாய்க்கிழமை ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

"சார், இந்த இஸ்கூல்ல கதவு சாத்துற ரூம்பு இது ஒண்ணுதான். எனக்குக் குடுங்க."

"இது கம்ப்யூட்டர் லேப் மேடம்."

"தெரியுது. கீபோர்டுல எவ்ளோ தூசி பாருங்க. தொடைக்க ஆள் வேணாமா?"

அப்படித் தொடங்கியது. வகுப்புக்கு ஆள் அனுப்பி, கீபோர்டு துடைக்க ஐந்து பேர் வேண்டும் என்பார். அந்த ஐவரில் ஒரு பிள்ளைதான் அவர் பார்க்க வந்த பிள்ளை. அது யார் என்று மற்ற நால்வருக்குத் தெரியாது. எல்லோருக்கும் பஞ்சு கொடுப்பார், தானும் ஒரு கீபோர்டை மடியில் வைத்துத் துடைப்பார். வாய் எதையாவது பேசிக்கொண்டே இருக்கும். பிறகு ஏதோ ஒரு வேலை சொல்லி ஒவ்வொருவராக வெளியே அனுப்புவார். கடைசியில் ஒரு பிள்ளை மிச்சமிருக்கும்.

"மேடம், எழுத்தெல்லாம் அழியுது. கீபோர்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது நான்தான்" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"கீபோர்டு அழிஞ்சா வேற வாங்கிப் போட்டுக்கலாம் சார்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். நானும் நிறுத்திக்கொண்டேன்.

ஏன் நீங்களும் துடைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கை நடுங்கறது அதுங்களுக்குத் தெரியக் கூடாதுல்ல" என்றார்.

நடுங்குவதற்குக் காரணம் அவர் கேட்கும் ஒரு கேள்வி. 'செத்துப்போவணும்னு தோணுதா?' என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்து நேரடியாகக் கேட்பார். இது தெரிந்தபோது நான் சண்டையே போட்டேன். "இல்லாத நினைப்பை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள்" என்றேன். "கேட்டு வர்றதில்ல சார் அது. உள்ள இருந்தா கேட்டாத்தான் வெளிய வரும். இல்லன்னா 'சீ போங்க மேடம்'னு சிரிச்சிட்டுப் போயிடும், அவ்ளோதான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஒவ்வொரு வாட்டியும் பயந்துகினுதான் கேக்கறேன். ஆமான்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு வயித்தக் கலக்கும். கேக்காம வூட்டுக்குப் போனா அதவிட ஜாஸ்தி கலக்கும்" என்றார்.

அப்படி 'ஆமாம்' என்றவள்தான் அன்று மேடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்த பெண். ப்ளஸ் ஒன். அப்பா அம்மா மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தார்கள், இவள் விடுதியில். செவ்வாய் தவிர மற்ற நாட்களில் மனசு கெட்டால் யாரிடம் போவாய் என்று மேடம் அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார். அவள் என்னைக் காட்டியிருக்கிறாள். "ஏன்னு கேட்டேன் சார். 'அந்த சாரு சிடுசிடுன்னு இருப்பாரு, ஆனா அட்வைஸ் பண்ண மாட்டாரு'ங்குது" என்று சொல்லி மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். "பொய் மட்டும் சொல்லாதீங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க. தனியா வுடாதீங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

மீதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அன்று காலை போய்விட்டார்.

தொட்டியிலிருந்து திரும்பி வந்து தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கலங்கிப்போனார். நல்ல மனிதர். "பிரேயர்ல ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி வச்சிடுவோம். மைக்க செக் பண்ணுங்க" என்றார்.

"மைக் வேலை செய்யாது சார்."

"நேத்து செஞ்சுதே?"

"இன்னிக்குச் செய்யாது சார்."

என்னையே பார்த்தார். அவள் இதை மைக்கில் கேட்கக் கூடாது என்றேன். அவருக்கும் அவளைப் பற்றித் தெரியும். "அப்ப நீங்க சொல்றீங்களா?" என்றார்.

"நானா?"

"அது உங்ககிட்டதான சார் பேசும்."

ஆய்வகத்துக்கு ஐந்து பேரை வரச் சொன்னேன். விடுதி வார்டனை வாசலில் நிற்கச் சொன்னேன். நால்வரை ஒவ்வொரு சாக்குச் சொல்லி வெளியே அனுப்பினேன். அவள் துடைத்துக்கொண்டே, "மேடத்துக்கு பஸ்ஸு லேட்டா சார்?" என்றாள். 'ஆமாம்' என்று சொல்வது எவ்வளவு சுலபம்! நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"மேடம் இறந்துட்டாங்க. இன்னிக்குக் காலையில. நெஞ்சு வலி."

அவள் அழவில்லை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அழுதிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். கேட்டே ஆக வேண்டும். ஒரு வார்த்தை தப்பாக விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. 

"செத்துப்போவணும்னு தோணுதா?"

"தோணுது சார்." பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "மேடம் இருந்தப்ப கம்மியா இருந்திச்சி" என்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். நினைத்துச் சொன்னதில்லை.

"எனக்கும்தான்" என்றாள். பிறகு, "யார் யார்கிட்ட சொல்லப் போறீங்க?"

"எச்.எம்., வார்டன், உங்க அம்மா. அப்புறம் டாக்டர்."

"டாக்டர் இன்னா பண்ணுவாரு?"

"பேசுவாரு. மாத்திரை குடுக்கலாம். சரியாத் தெரியாது."

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா சார்?"

"தெரியாது. கூட வருவேன்."

எழுந்தாள்.

ஜீப்பில் தலைமையாசிரியர் முன்னால், அவளும் வார்டனும் நானும் பின்னால். வார்டன் அவள் கையை விடவே இல்லை. தொட்டிப் பக்கத்திலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாகிவிட்டது. அவர் கேரளாவில் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். கள்ளக்குறிச்சியில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். அவளை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். அவள் அம்மா வந்து சேரும்வரை நாங்கள் மூவரும் அங்கேயே இருந்தோம். மேடத்தின் வீடு இருக்கிற தியாகதுருகம் அங்கிருந்து பக்கத்தில்தான். சாவுப் பறைச் சத்தம் கேட்காத தூரம், அவ்வளவுதான். நான் போகவில்லை. சுகந்தி மேடத்தின் சாவுக்குக்கூட அவன் வரவில்லையே என்று பலர் வருத்தப்பட்டதாகக் கேள்வி. காரணம் இதுதான். அவர் கணவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

அவள் மாத்திரை சாப்பிடுகிறாள், டாக்டரிடம் போய்வருகிறாள், பள்ளிக்கும் வருகிறாள். அம்மா இந்த வருஷம் மிளகுக்குப் போகவில்லை. 'குணமாகிவிட்டாள்' என்று எழுத எனக்கு ஆசை. பொய் சொல்லக் கூடாது. செவ்வாய்தோறும் மேடத்தின் அந்தக் கேள்வியை இப்போது நான் கேட்கிறேன்; சில வாரம் நன்றாக இருக்கிறாள், சில வாரம் இல்லை. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "என்னக் கண்டுபிடிக்காத மாரி மாத்திடுங்க சார்" என்றாள். மாற்றிவிட்டேன்.

மேடத்தின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. இத்தனை பள்ளிக்கு ஓர் ஆள் என்பதே அநியாயம், இப்போது அந்த ஓர் ஆளும் இல்லை. இரங்கல் தீர்மானம் போட்டவர்கள் இதற்கும் ஒன்று போடுங்கள். நான் எலக்ட்ரானிக்ஸ்காரன். என்னை வைத்து ஓட்டாதீர்கள்.

சுகந்தி மேடத்தின் படமோ பொருளோ என்னிடம் எதுவும் இல்லை. அவருடைய அந்தப் பயம்தான் இருக்கிறது. வாரம் முழுக்க வயிற்றிலேயே கிடக்கிறது. அது போய்விட்டால் கேட்காமல் வீட்டுக்குப் போகிற ஆளாகிவிடுவேனோ என்று அதற்கும் பயம். போன செவ்வாய்க்கிழமை சர்வர் கோளாறில் எல்லாம் மறந்து, கீழே படுத்து வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவள் வந்து நின்றாள்.

"இன்னா சார், இன்னிக்குக் கேக்கலியா?"

எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கேட்டேன்.