கலக்கவும், குலுக்கவும்

நான் கடலூரில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் சஸ்பென்ஷன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சொன்னால் சிதம்பரத்தில் எங்கள் தெருக்காரர்கள், "ஐயோ, எதுக்கு சஸ்பெண்டு பண்ணாங்க?" என்று பதறுவார்கள். தண்ணீரில் கரையாத மருந்துத் தூளைத் திரவத்தில் மிதக்கவிட்டுப் பாட்டிலில் அடைப்பதற்குத்தான் அந்தப் பெயர். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற எங்கள் காய்ச்சல் மருந்து அந்த வகை.

மிதக்கவிட்டாலும் தூள் அடியில் இறங்கத்தான் செய்யும். இறங்கட்டும். மெத்தென்று உட்கார வேண்டும், கெட்டிப்பட்டுப் போகக் கூடாது, பாட்டிலை ஆட்டியவுடன் எழுந்து வர வேண்டும். என் வேலையே அதுதான். ஆட்டுவதற்கு மேலே கொஞ்சம் காலி இடமும் வேண்டும். "கொறைவா இருக்குன்னு நெனப்பாங்கம்மா" என்று முதலாளி முனகினார். கழுத்துவரை நிரப்பிய பாட்டிலை எந்தக் கொம்பனாலும் ஆட்ட முடியாது என்று சண்டை போட்டுப் பெரிய பாட்டிலாக வாங்கவைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

லேபிள் மட்டும் என் கையில் இல்லை. அது விற்பனை மேலாளரின் ராஜ்ஜியம். தாய்மார்களுக்குப் புரியட்டும் என்று அவர் தமிழில் ஒரு வரி சேர்த்தார்: "நன்கு கலக்கிக் கொடுக்கவும்." நல்ல எண்ணம்தான். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதைப் பார்த்ததே எங்கள் தெருவில்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டுப் பெண் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஒங்க கம்பெனி மருந்துதாங்க்கா. நேத்துலேர்ந்து குடுக்கறேன், எறங்கவே மாட்டேங்குது."

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். மருந்து நீர்மோர் மாதிரி வெளிறிக் கிடந்தது.

"தண்ணி ஊத்தினியா?"

"ஆமாக்கா. கலக்கிக் குடுக்கச் சொல்லிப் போட்டிருக்கே. காய்ச்சி ஆறவெச்ச தண்ணிதான், கழுத்து வரைக்கும் ஊத்தினேன்."

பவுடராக வரும் மருந்துப் பாட்டில் ஒன்று உண்டு. மெடிக்கல் கடையில் அதைக் கொடுக்கும்போது, "காய்ச்சின தண்ணி ஊத்திக் கலக்கிக் குடுங்க" என்பார்கள். எங்கள் ஊரில் மருந்தைக் கலக்குவது என்றால் தண்ணீர் ஊற்றுவதுதான். ஊற்றுவதற்கு இடத்தை நான் விட்டுவைத்திருந்தேன், வார்த்தையைக் கம்பெனி கொடுத்திருந்தது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. உடனே டாக்டரிடம் கூட்டிப்போனோம். சாயங்காலத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது. என் ஆத்திரம் இறங்கவில்லை.

மறுநாள் முதலாளியின் அறையில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"படிக்காத பொம்பளைங்க அப்படித்தான் பண்ணுவாங்க" என்றார் மேலாளர்.

"படிச்சதாலதான் சார் பண்ணா. நீங்க எழுதினத அப்படியே படிச்சா. 'கலக்கி'ங்கறதே வேணாம், 'குலுக்கவும்'னு போடுங்க."

அவர் முகத்தைச் சுளித்தார். "சினிமா டான்ஸ் மாதிரி அசிங்கமா இருக்கும்மா. குடும்பப் பொண்ணுங்க வாங்கற பாட்டில்ல அந்த வார்த்தையா?"

மேஜை மேல் இருந்த பாட்டிலை எடுத்தேன். அவருடைய மூக்குக்கு முன்னால் நீட்டி ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"என்னம்மா, மூஞ்சிக்கு நேரா இப்படிக் குலுக்கறீங்க?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, அடுத்த பிரிண்ட்ல மாத்திடலாம்" என்றார். எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

"கடைக்குப் போனதெல்லாம்?"

"அது ஒண்ணும் ஜாஸ்தி இல்லம்மா. வித்துடும்."

"வித்துடும்னுதான் சார் நானும் சொல்றேன்."

கையிலிருந்த பாட்டிலை மேஜை மேல் வைத்தேன். "எல்லாம் திரும்பி வரணும். வர்ற வரைக்கும் என் டேங்க்லேர்ந்து ஒரு சொட்டு எறங்காது. வேற ஆள வெச்சிக்கறதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

முதலாளி வழிக்கு வந்தார்; மத்தியானம் கடைகளிலிருந்து பாட்டில்களைத் திரும்ப எடுத்துவர வேன் கிளம்பியது. சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். டிரைவர் பக்கத்தில் நானே ஏறி உட்கார்ந்தேன். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முதல் கடை. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்று எங்கள் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதை அவள் பையிலிருந்து எடுத்துவிட்டேன். கடைக்காரர், "யாரும்மா நீங்க?" என்று கத்தினார்.

"இதத் தயார் பண்றவ. இவுங்களுக்கு வேற கம்பெனி மருந்து குடுங்க."