மருதாள் மைக் பிடித்த ஞாயிற்றுக்கிழமை

குண்டடத்துப் பக்கம் ஒரு வானம் பார்த்த மேட்டாங்காட்டு ஊரில் பிறந்த மருதாள், எண்பத்து நாலில் கல்யாணம் முடிந்து திருப்பூருக்கு வந்தாள். புருஷன் ராசப்பன் நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஓட்டினான். எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. நான் வேலை செய்த பொங்கியண்ணன் பனியன் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டது நான்தான். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலை. கண்ணும் கையும் பனியனில் இருக்கும். வாய்க்கு வேலை கிடையாது.

மருதாள் அந்த வாய்க்கு வேலை கொடுத்தாள். பக்கத்து ஹாலில் தையல் மிஷின் இரைகிற இரைச்சலையும் தாண்டி, கடைசி மேஜை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசுவாள். அடுத்தவர் வீட்டுக் கதை பேச மாட்டாள். ஊர்ச் சேதிதான் பேசுவாள். எந்தக் கோயிலில் நாடகம் போடுகிறார்கள், ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதில் யார் பாடினார்கள், எந்த மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சோறு போட ஆரம்பித்திருக்கிறார்கள், எக்ஸிபிஷனில் மரணக் கிணற்றில் பைக் ஓட்டுகிற பெண் எந்த ஊர்க்காரி, எல்லாம் அவளுக்குத் தெரியும். கேள்விப்பட்டதைச் சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சோறாக்கி வைத்துவிட்டுக் கிளம்பி, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வாள். மரணக் கிணற்றுப் பெண்ணிடமே போய்ப் பேசிவிட்டு வந்தவள் அவள். திங்கட்கிழமை காலையில் நாங்கள் கம்பெனிக்கு நேரத்தோடு போனதற்குப் பாதிக் காரணம் மருதாள். "ரேடியோ வந்துருச்சா?" என்றுதான் கேட்டுக்கொண்டே உள்ளே வருவோம்.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் பகுதிக்குக் கேபிள் வந்தது. கல்யாணத்துக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தண்டாயுதபாணி, தன் வீட்டு மொட்டை மாடியில் பெரிய குடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு டிஷ் வைத்து, வீட்டுக்கு வீடு வயர் இழுத்தார். அதோடு நில்லாமல், ஞாயிறு சாயங்காலம் டிவியில் தமிழ்ப் படம் தொடங்குவதற்கு முன்னால் உள்ளூர்ச் செய்தி என்று ஒன்றைத் தொடங்கினார். அவரே கோட்டுப் போட்டு, டை கட்டி, பிளாஸ்டிக் பூங்கொத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார். "இன்று மாலை நகரின் கிழக்குப் பகுதியில் மின்தடை ஏற்படும் என அறிவிக்கப்படுகிறது" என்பார். கரண்ட் அதற்குள் போயிருக்கும். அவர் வாசிக்கிற நேரத்தில்தான் நாங்கள் எல்லாம் தண்ணீர் பிடிக்கப் போவோம்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் படம் பிடிக்க அவர் வந்தார். பொரியும் கடலையும் பங்கு வைத்துக்கொண்டிருந்த மருதாளிடம் மைக்கை நீட்டி, "அம்மிணி, பூஜையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். ஒரு வார்த்தை கேட்டவருக்கு ஒரு கதையே கிடைத்தது. சந்தனம் வைத்த ஓவர்லாக் தையல் மிஷினைக் காட்டி, "இதுக்கு இன்னிக்கு ஒரு நாள்தானுங்க லீவு. நாளைக்குக் காலைல எந்திரிச்சு எங்களைய விரட்டும் பாருங்க" என்று தொடங்கி, பொரி எந்தக் கடையில் வாங்கினது, கம்பெனிக்குக் கம்பெனி வாழைமரம் கட்டுகிறதில் நடக்கிற போட்டி, எந்தத் தெருவில் மைக்செட் பாட்டு நன்றாக இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். அதை அவர் அப்படியே ஒளிபரப்பினார். மறுநாள் காலையிலிருந்து அவர் வீட்டு போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். எல்லோருக்கும் ஒரே கேள்வி: அந்தப் பொரிக்கார அம்மிணி மறுபடி எப்போது வருவார்கள்?

அடுத்த வாரம் தண்டாயுதபாணி மருதாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ராசப்பனுக்குப் பிடிக்கவில்லை.

"ஊடு ஊடா என்ற பொண்டாட்டி மூஞ்சி தெரியோணுமாக்கு?" என்றான்.

"இப்ப மட்டும் தெரியாமயாங்க இருக்குது? நாந்தான் ஊரெல்லாம் சுத்தறனே" என்றாள் மருதாள். "வேண்டாம்னா வேண்டாங்க மாமா. ஆனா வேண்டாங்கறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். "நானும் கூட வருவேன்" என்று மட்டும் சொன்னான்.

மருதாள் ஒரு நிபந்தனை போட்டாள். பூங்கொத்துக்குப் பின்னால் உட்கார மாட்டேன் என்றாள். "சேதி தெருவுலதானுங்கண்ணா நடக்குது. நாமளும் தெருவுலயே நிக்கலாமுங்க." தண்டாயுதபாணிக்கு அதைக் கேட்டதும் வேறு யோசனை வந்தது. அவர் வீடு இருக்கிற தெருவிலேயே நடத்தினால், மாடியிலிருந்து நீளமாக வயரை இழுத்துவிட்டு, கேமரா பார்ப்பதை அப்போதைக்கு அப்போதே வீடுகளுக்கு அனுப்பிவிடலாம். அந்தத் தெருவில் என்ன காட்டுவது என்று மருதாளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தெரு முனையில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒச்சப்பனின் பரோட்டாக் கடை இருந்தது. பனியன் வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் வேலை விட்டதும் நேரே அங்கேதான் போவார்கள். எதிர்ப்பக்கம் அமராவதி அக்காவின் பலகாரக் கடை. அவள் சந்தகை பிழிவதில் பேர் போனவள். அரைத்த அரிசியை வேக வைத்து, சந்தகை மரம் என்கிற பிழியும் கட்டையில் போட்டு அழுத்தி நூல் நூலாக எடுத்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிக் கொடுப்பாள். ஒச்சப்பன் கடைப் புகை தன் கடைக்குள் வருகிறது என்று அமராவதி அக்கா சொல்வாள். சந்தகைத் தண்ணீர் தன் வாசலுக்கு ஓடி வருகிறது என்று ஒச்சப்பன் சொல்வான். இரண்டு பேரும் பேசியே வருடம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. மருதாள் இரண்டு கடைக்கும் தனித்தனியாகப் போனாள். "உங்களோடதுதான் நல்லாருக்குதுன்னு ஊரே பாக்கட்டுமுங்க" என்று இரண்டு பேரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க முடியாது, ஏனென்றால் அமராவதி அக்காவோடு சேர்ந்து சந்தகை மரத்தை அழுத்தியது நான்தான். தெரு நடுவில் ஒரு பக்கம் பரோட்டாக் கல்லு, ஒரு பக்கம் சந்தகை மரம். நடுவில் மருதாள், அரக்குச் சேலையில், மைக்கோடு. தண்டாயுதபாணி கேமராவைத் தோளில் ஏற்றினார். கோட்டைக் கழற்றியிருந்தார். ஆனால் டையைக் கழற்ற மறந்திருந்தார்.

"வணக்கமுங்க. எல்லாரும் ஊட்டுல உக்காந்துட்டிருக்கறீங்களா? அங்கயே இருங்க. நாங்க இங்க வேகற பண்டத்தை உங்களுக்குக் காட்டறோம். மணம் மட்டும் வராதுங்க, அதை நான் சொல்லித்தான் தெரிஞ்சுக்கோணும்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. ஒச்சப்பன் மாவை வீசுவான். அது அவன் தலைக்கு மேல் விரிந்து மேஜையில் வந்து விழுவதற்குள் மருதாள் அவன் ஊரைச் சொல்லி, அவன் இங்கே வந்த கதையைச் சொல்லி, சால்னாவில் போட்ட பட்டை சோம்பு வரைக்கும் சொல்லி முடித்துவிடுவாள். உடனே இந்தப் பக்கம் ஓடி வருவாள். "அக்கா அழுத்தறாங்க பாருங்க, மரத்தோட அவங்களும் கீழ போறாங்க பாருங்க, நூலு எறங்குது, எங்க கம்பெனி நூல விடச் சன்னமா எறங்குது." எனக்குச் சிரிப்பில் கை வழுக்கியது. மருதாள் பாலை ஊற்றி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கேமரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

வீட்டிலேயே இருக்கச் சொல்லியும் ஜனங்கள் உட்கார்ந்திருக்கவில்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். கையில் தட்டோடு வந்தார்கள். அப்புறம் அடுத்த தெரு. சைக்கிளில், டிவிஎஸ் வண்டியில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். டிவியில் பார்த்த இடத்தைத் தேடிக்கொண்டு ஓடி வந்தவர்கள் கேமராவுக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். ஒரு தெற்கத்திப் பெண், "எக்கா, இப்ப நான் எங்க வீட்டுல தெரியுறேனா?" என்று மருதாளைக் கேட்டாள். "தெரியறீங்க கண்ணு, பாக்கத்தான் உங்க ஊட்டுல ஆளில்லை" என்றாள் மருதாள்.

அந்த நெரிசலில் யாரோ வயரை மிதித்து இழுத்துவிட்டார்கள். தெருவுக்கு நடுவில் வயர் இரண்டு துண்டாகிப் போனது. மாடியிலிருந்து தண்டாயுதபாணியின் தம்பி, "அண்ணா, படம் போயிருச்சுங்க" என்று கத்தினார். தண்டாயுதபாணிக்கு முகம் வெளுத்துவிட்டது. எல்லா வீட்டிலும் டிவி கறுப்பாகிவிட்டது. ஆனால் நடந்தது வேறு. என்ன ஆயிற்றோ, ஏது ஆயிற்றோ என்று, அதுவரை வீட்டில் உட்கார்ந்திருந்த மிச்சப் பேரும் கிளம்பி வந்துவிட்டார்கள்.

ராசப்பன் அதுவரை சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். கூட்டத்துக்குள் குனிந்து நுழைந்து, அறுந்த இரண்டு முனையையும் தேடி எடுத்தான். மிஷின் ஓட்டுகிறவன், அறுந்ததைச் சேர்ப்பது அவனுக்குப் புதிதில்லை. பல்லால் மேல்தோலைச் சீவி, உள்கம்பியை உள்கம்பியோடு முறுக்கி, வெளிக்கம்பியை வெளிக்கம்பியோடு முறுக்கி, இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் பிடித்துக்கொண்டு நட்ட நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். "வந்துருச்சு" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அவன் கொஞ்சம் அசைந்தாலும் படம் ஆடும். அதனால் அவன் அசையவில்லை. ஜனங்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எது ஜெயித்தது என்று கூட்டம் கேட்க ஆரம்பித்தது. இந்தப் பக்கம் கொங்கு ஆட்கள், அந்தப் பக்கம் தெற்கத்தி ஆட்கள். குரல்கள் கொஞ்சம் ஏறின. மருதாள் மைக்கைத் தூக்கினாள்.

"நான் தீர்ப்புச் சொல்ல மாட்டனுங்க. ஒச்சப்பண்ணன் சந்தகை தின்னுட்டுச் சொல்லட்டும். அக்கா பரோட்டா தின்னுட்டுச் சொல்லட்டும்."

இரண்டு பேரும் திகைத்துவிட்டார்கள். ஊரே பார்க்கிறது, மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒச்சப்பன் ஒரு கிண்ணம் சந்தகையை வாங்கி, கடைசிச் சொட்டுப் பால் வரைக்கும் குடித்தான். "எங்க ஊருல இடியாப்பம்னு ஒண்ணு செய்வாக" என்றான். "இது அதுக்குப் பெரியம்மா." கூட்டம் கைதட்டியது. அமராவதி அக்கா பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். "சால்னா நல்லாருக்குதுங்க" என்றாள். "அதை மட்டும் எனக்கு ஒரு கிண்ணம் குடுங்க. சந்தகைக்கு ஊத்திப் பாக்கறேன்." இந்த முறை தெற்கத்திப் பக்கம்தான் அதிகம் சத்தம் போட்டது. ஒச்சப்பன் ஒரு தூக்குப்போசி நிறையச் சால்னா ஊற்றி அவள் கையில் கொடுத்தான். அந்தச் சால்னாவை ஊற்றிய சந்தகையைத் தின்னக் கூட்டம் முண்டியடித்தது.

அவிநாசிப் பக்கத்துக் கும்மிக் குழு ஒன்றையும் மருதாள் வரச் சொல்லியிருந்தாள். அவர்கள் வந்து சேர்ந்தபோது வட்டம் போட இடமே இல்லை. "நடுவுல வழி உடுங்க சாமி, பொம்பளைக ஆடோணும்" என்று மருதாள் கெஞ்சிக் கெஞ்சி இடம் செய்தாள். பாட்டு எடுத்ததும் நாங்கள் சந்தகை மரத்தை விட்டுவிட்டு வட்டத்துக்குள் நுழைந்துவிட்டோம். அடி தெரியாத தெற்கத்திப் பெண்கள் பின்னால் நின்று பார்த்தார்கள், ஒரு சுற்றில் பழகிக்கொண்டு கூடவே கும்மி கொட்டினார்கள். வட்டம் ராசப்பனையும் உள்ளே வைத்துச் சுற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். டிவியில் படம் போடுகிற நேரம் வந்தது, போயும் போயிற்று. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் எங்கள் ரேடியோ மருதாள் கம்பெனிக்குள் நுழைந்தபோது எல்லா மேஜையும் எழுந்து நின்றது. ஆனால் அதற்குள் முதலாளி அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது. மருதாளுக்கு முகம் வாடிவிட்டது. வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம். பொங்கியண்ணன் கண்டிப்பான மனுஷர்.

அவள் உள்ளே போய்க் கதவருகில் நின்றாளாம். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே, "நேத்து என்ற ஊட்டுல கறிச்சோறு ஆக்கி வெச்சுது அப்படியே இருந்துச்சு" என்றாராம். "எங்க ஊட்டம்மா, மருமக எல்லாரும் அங்க வந்துட்டாங்க. நான் தனியா உக்காந்து டிவி பாத்தேன்."

"தப்புங்களா மொதலாளி?"

"தப்பு இல்ல அம்மிணி. அடுத்த வாரம் எந்தத் தெரு? எங்க தெருவுக்கு வாங்க. நானும் கெளம்பி வெளிய வரோணுமில்ல."

அப்படித்தான் அது தெருத் தெருவாகப் போனது. தூரத் தெருக்களுக்கு வயர் எட்டாது. கேசட்டில் பிடித்து ஒளிபரப்பினார்கள். அவிநாசித் தேர், நாடகக் கொட்டகை, பீகாரிலிருந்து வந்த பையன்கள் அறையில் சுட்ட லிட்டி என்கிற மாவுருண்டை, சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகியது எல்லாம் அதில் வந்தன. மருதாள் செக்கிங் வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைக். அமராவதி அக்கா கடையில் சந்தகைக்குச் சால்னா என்று ஒன்று நிலைத்துவிட்டது. ஒச்சப்பன் கடையிலிருந்துதான் அது போகும். புகைக்கும் சந்தகைத் தண்ணீருக்கும் நடந்த சண்டை மட்டும் ஓயவில்லை. சிரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள்.

தொண்ணூற்று ஒன்பதில் பெரிய கேபிள் கம்பெனி வந்து எல்லா வயரையும் வாங்கிக்கொண்டது. உள்ளூர்ச் செய்தி நின்றது. தண்டாயுதபாணி மறுபடி கல்யாண வீடியோவுக்குப் போனார். மருதாளுக்கு வருத்தமா என்று கேட்டேன். "எதுக்குங்கக்கா? கூப்புடறாங்களே" என்றாள். அதற்குள் கோயில் நோம்பி, பள்ளி ஆண்டு விழா, எக்ஸிபிஷன் என்று எங்கே மேடை போட்டாலும் மைக்குக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அடுத்து வந்த சித்திரையில் காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுச் சந்தைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். திமில் பெருத்த காளைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றன. மருதாள் சாம்பல் நிற மயிலைக் காளை ஒன்றின் பெருமையை மைக்கில் சொல்லிக்கொண்டே போனாள், கிட்டப் போய்விட்டாள். காளை தலையைத் திருப்பி அவள் தோளை ஒரு முறை முகர்ந்தது. ராசப்பன் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். அவள் பேச்சை நிறுத்தாமல் ஒரு கையால் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். சந்தை முழுக்கத் திரும்பி அவள் நின்ற பக்கம் நடக்க ஆரம்பித்தது.