கதவில்லாத வீட்டுக்கு வந்த விருந்தாளி

எங்கள் ஆட்கள் காரில் ஏறினால் அது யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். பிறந்தநாள், கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று இந்த டென்மார்க்கில் டோஸ்ட்ருப்புக்கும் ஹ்விடோவ்ரேக்கும் எவ்வளவு தூரம் ஓடினாலும் முடிவில் ஒரு செருப்புக் குவியலும் குசினி மணமும் இருக்கும். பிரெடெரிசியாவில் பிறந்த என் மகளுக்குப் பயணம் என்றாலே அதுதான். அதனால் அந்த ஜூலையில் பாய், தலையணை, காஸ் அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு மேற்குக் கரையோரமாக வடக்கே புறப்பட்டபோது, பின் சீட்டிலிருந்து அவள் முதலில் கேட்டது இதைத்தான்:

"ஆற்றை வீட்டை போறம்?"

ஒருவருடைய வீட்டுக்கும் இல்லை, காட்டுக்கு என்றேன். காட்டில் யார் என்றாள். மான் என்றேன். மானுக்கு எங்களைத் தெரியுமா என்றாள்.

இந்தப் பயணம் என் ஆசை. அந்த வடபகுதிக்கு நான் கனகாலம் லொறி ஓடியவன். சாமான் இறக்கும் பின்கதவுகளைத் தவிர அங்கே எதையும் நின்று பார்த்ததில்லை. மகள் ஆகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறாள். பிறகு நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. டென்மார்க்கை நுனிவரை ஒரு காலைப் பொழுதில் ஓடி முடிக்கலாம்தான். நான் ஒரு கிழமை எடுத்து, காடும் மணல்மேடும் பார்த்துப் பார்த்துப் போக நினைத்தேன். "ஆக்களில்லாத இடத்திலை ஆரோடை அத்தான் கதைக்கப் போறியள்?" என்று மனைவியின் தம்பி சிரித்தான். என் வாயை அறிந்தவன். மனைவி சிரிக்கவில்லை, ஒரு நிபந்தனை போட்டாள்: ஓர் இரவு தங்கிப் பார்ப்போம், பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் விடியக் காரைத் திருப்புவது. நான் ஓம் என்றேன்.

வடக்கே போகப் போக வீடுகள் குறைந்து, பற்றை படர்ந்த வெளி வந்தது. மரங்களெல்லாம் கிழக்குப் பக்கம் சாய்ந்து நின்றன. யார் இவற்றை வளைத்தது என்று மகள் கேட்டாள். கடல் காற்று என்றேன். காற்று ஏன் ஒரே பக்கம் தள்ளுகிறது என்றாள். நான் கண்ணாடியை இறக்கி மரங்களை எட்டிப் பார்த்தேன். "லொறி ஓடின ஆளுக்கு ரோட்டு மட்டும்தான் தெரியும்" என்றாள் மனைவி.

இந்த நாட்டுக் காடுகளில் ஷெல்டர் என்று ஒன்று உண்டு. மூன்று பக்கம் பலகைச் சுவர், சரிவாக ஒரு கூரை, முன்பக்கம் திறந்தபடி. வருகிறவர்கள் இடத்தைப் பகிர்ந்து படுத்து எழும்பிப் போவார்கள். பைன் மரங்களுக்குள் இருந்த ஒன்றின் முன்னால் காரை நிறுத்தினேன். மகள் அதைச் சுற்றி வந்தாள். கதவு எங்கே, திறப்பு யாரிடம் இருக்கிறது, வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று டெனிஷில் கேட்டாள். வீட்டுக்காரர் இல்லை என்றேன். திரும்பிப் போய்க் காரில் ஏறி, தானாகவே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அத்தோடு என் பயணம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் எங்கே போனாலும் மனைவிக்கு ஊத்தை கண்ணில் படக்கூடாது. செருப்பைக் கழற்றி வைத்தாள், ஒரு பைன் கொப்பை முறித்து ஷெல்டருக்குள் இருந்த மணலைக் கூட்டித் தள்ளினாள், பாயை விரித்தாள், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். காடு முழுக்க மணல், அதில் இந்தக் கூட்டல். ஆராவது வரப்போகினமோ என்று பகிடி பண்ணினேன்.

"வந்தா?" என்றாள்.

வந்துவிட்டார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு டெனிஷ் பெண், சைக்கிளில், வடக்கிலிருந்து. தனக்கும் இடம் இருக்குமா என்று தயங்கிக் கேட்டார். நான் வாய் திறக்கு முன்னே மனைவி உள்ளே வரச் சொல்லிக் கோப்பையை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் சப்பாத்தோடு பலகையில் கால் வைக்கப் போக, காருக்குள் பெல்ட் கழன்ற சத்தம் கேட்டது. மகள் ஓடிவந்து மறித்தாள். இங்கே சப்பாத்து வெளியில்தான் என்று டெனிஷில் கண்டிப்பாகச் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்டுக் கழற்றினார். எங்கள் செருப்புகளின் பக்கத்தில் நேராக வைக்கச் சொன்னாள். பிறகு உள்ளே கூட்டிப்போய் இது அம்மாவின் இடம், இது அப்பாவின் இடம், நீங்கள் அந்தச் சுவரோரம் படுக்கலாம் என்று காட்டினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்லட்டும் அவள் கையால்தான் கொடுத்தாள்.

அந்தப் பெண் உறைப்பில் மூக்கைத் துடைத்தபடி, இத்தனை நாளும் காற்றைத் தவிர ஒருவரும் தன்னுடன் கதைக்கவில்லை என்றார். மனைவியின் தம்பிக்குச் சொல்ல நல்ல பேச்சு என்று மனதில் எடுத்து வைத்தேன். மேலே, வடக்கில் உள்ள ஷெல்டர்களில் ஒருவருமே இல்லையா என்று மகள் கேட்டாள். இல்லை, எல்லாம் வெறுமையாகத்தான் இருந்தன என்றார்.

காலையில் அவர் தெற்கே போனார். மனைவி பாயைச் சுருட்டினாள். நான் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை அழேல்லைத்தான்," என்றாள் மனைவி. "ஆனா நேற்றுப் பயந்து போனாள். காணுமப்பா, திருப்புவம்."

மகள் சைக்கிள் போன பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மற்ற ஷெல்டருக்கு வாற ஆக்களுக்கு ஆர் தேத்தண்ணி குடுக்கிறது?"

ஒருவரும் இல்லை, அவர்களே கொண்டு வருவார்கள் என்றாள் மனைவி.

"நாங்கள் போனாக் குடுக்கலாம்தானே."

மனைவி பாயைக் காரில் வைத்தாள். சாமான் பையைத் திறந்து, உள்ளே இருந்த போத்தல்களைக் கொஞ்ச நேரம் கிளறினாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் நிமிராமலே, "சீனி காணாது. மேல போற வழியிலை கடை கண்டா நிப்பாட்டுங்கோ."