மணத்துக்கு அடித்தவன்

உதயகலாவின் இடது கையை அவளுடைய புருஷன் கேதீஸ்வரன் விறகுக் கட்டையால் அடித்து முறித்தது ஒரு மணத்துக்காக. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்தக் கலியாணத்தைப் பேசி வைத்தவளே நான்தான். அதனால் முழுவதையும் சொல்லித்தான் விடுவேன். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

கரவெட்டித் தம்பிராசாவின் ஒரே மகள் அவள். திருநெல்வேலியில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பாள்.

"ரெண்டு தண்ணியை ஒண்டாக்கிற வேலை, ஆச்சி."

ஒன்று, கேக்குக்கு விடுகிற பாதாம் எசென்ஸ் மாதிரி மணக்கும். மற்றது நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர். இரண்டையும் கலந்து நாள் முழுக்க வைத்தாலும் சும்மா கிடக்குமாம். எரிசோடாக் கரைசலைத் துளித்துளியாக விட்டால்தான் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு மஞ்சள் பளிங்காக இறங்கும். அப்படிச் சேர்த்துவைக்கிற பொருளுக்கு ஊக்கி என்று பெயர். "உங்கடை தரகு வேலைதான் அதுக்கும்," என்பாள். ஐஸில் வைத்து மெல்ல விடவேண்டும். அவசரப்பட்டால் சூடேறித் தார் போலாகிவிடும். எந்த ஊக்கி, எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்று மூன்று வருடமாக மாற்றி மாற்றிப் பார்த்து எழுதிவந்தாள்.

அந்தப் பாதாம் மணம் அவளுடைய தலைமயிரில் ஏறிவிடும். எவனோ பூசிய வாசனைத் திரவியம் என்று நினைத்து, "ஆற்றை சென்ற் உது?" என்று கேட்டுக் கேட்டே கேதீஸ்வரன் அடித்தான். முதலில் கன்னத்தில். பிறகு தலையைச் சுவரோடு. கடைசியில் கை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள்.

தம்பிராசா ஒரு வழி சொன்னார்.

"மருமோனைக் கூட்டிக்கொண்டு போய் உந்த மணத்தைக் காட்டுவம். சந்தேகம் தீர்ந்தால் ரெண்டும் சேர்ந்திருக்கும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. நாங்கள் இருவரும் விட்ட பிழை அதுதான்.

கேதீஸ்வரனையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஆய்வுகூடத்துக்குப் போனோம். அவள் ஒற்றைக் கையால் துளி விட்டுக்கொண்டு நின்றாள். தலை நிமிரவில்லை.

"அந்தப் போத்தலை மணந்து பாருங்கோ."

அவன் மணந்தான். முகம் செத்துப்போயிற்று.

"ஓம், உதுதான்," என்றான். பிறகு, "சரி, வெளிக்கிடு. வீட்டை போவம்."

"நான் வரேல்லை. இண்டைக்கு மணத்துக்கு அடிச்சனீங்கள். நாளைக்கு இந்த மஞ்சள் உடுப்பிலை பட்டால் நிறத்துக்கு அடிப்பீங்கள்."

அவன் கையை வீசினான். ஐஸ் போட்ட பாத்திரமும் அதிலிருந்த கண்ணாடிக் குடுவையும் நிலத்தில் விழுந்து நொறுங்கின. அவளுடைய தலைமயிரைச் சுருட்டிப் பிடித்து, அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்கு மேலாகவே இழுத்தான். சமாதானம் பேச வந்த தம்பிராசா, மேசையில் குழாய்களை மாட்டிவைக்கிற இரும்புத் தாங்கியைத் தூக்கி அவனுடைய தோளில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாம் தரம் ஓங்கும்போதுதான் காவலாளிகள் ஓடிவந்து பிடித்தார்கள்.

கேதீஸ்வரனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். பொலிஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் அடிபட்டாச்சு. சமாதானமாப் போங்கோவன்."

"மகளைக் கேளுங்கோ," என்றார் தம்பிராசா. சட்டையில் இரத்தம் காயவில்லை.

"எங்கை மகள்?"

"காலிலை காயத்துக்குத் துணி சுத்திப்போட்டு, திரும்ப முதலிலையிருந்து துளி விடத் தொடங்கீட்டாள்," என்றேன் நான். "பாதியிலை விட்டுட்டு வரேலாதாம். அரை மணித்தியாலம் செல்லும்."

அவர் பேனையை மூடிவைத்தார். அவள் வரும்வரை நாங்கள் சுவரோரத்து வாங்குப் பலகையில் இருந்தோம்.