கூடையின் அடியில் வெள்ளை எழுத்து

என் தகரப் பெட்டியின் அடியில், கூறைச் சேலைக்கும் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அச்சடித்த தாள். அதன் முதல் வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவள். ஆங்கில எழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த தடம் மாதிரிதான். ஆனாலும் அந்த வட்டத்துக்குள் இருப்பது எங்கள் விடுதியின் பேர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உலகத்திலேயே நாங்கள்தான் முதலாவது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி என்று மூன்று மாதம் நம்பியிருந்தோம். சமையலறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். சாமிக்கு ஒரு நாள் பூ வைக்க மறந்தாலும், அந்தத் தாளுக்குத் தூசி தட்ட நான் மறந்ததில்லை.

எங்கள் விடுதி என்கிறேனே தவிர, வீடு டீச்சருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் படிப்பிக்க வந்து மலையிலேயே தங்கிவிட்டவர். ஒரே ஒரு கணக்கைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதற்காக என் மூத்த மகனை ஒரு பாடம் முழுக்க முழங்காலில் நிறுத்தியவர். அப்போது அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். இருபத்தாறு வருசம் தேயிலைக் கொழுந்து பறித்து என் முழங்காலும் மக்கர் பண்ணியபோது, அதே டீச்சரின் அடுப்படிக்குச் சமைக்கப் போனேன். ஓய்வு பெற்றபின் அவர் இறம்பொடை ரோட்டிலிருந்த வீட்டின் நாலு அறைகளை வந்து போகிறவர்களுக்கு விட்டிருந்தார். இரண்டாயிரத்துச் சொச்சம், சண்டை நின்றிருந்த காலம். வெள்ளைக்காரர்கள் நிறைய வந்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டி நேரே போனார்கள். கனடாவிலிருந்த மகன் முடிவாகச் சொல்லிவிட்டார்: ஆவணியில் வருவேன், அதற்குள் அறைகளுக்கு ஆள் வரவில்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு அம்மாவைக் கையோடு கூட்டிப்போவேன். போனை வைத்துவிட்டு டீச்சர் கேட்டார்: "அங்க போய் யன்னலால பனியப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கோ நான் இவ்வளவு காலம் சீவிச்சனான்?"

"இங்கயும் அதத்தானே பாக்குறீங்க டீச்சர்" என்றேன்.

"இது என்ட பனி" என்றார்.

நுவரெலியா டவுனில் ஆறு கம்ப்யூட்டர் வைத்துக் கடை நடத்திய ஒருவர் இருந்தார். கடும் மழையிலும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர்தான் விடுதிக்கு இணையத்தில் ஒரு பக்கம் செய்து கொடுத்தார். தேடுகிறவர்களுக்கு அது முதலாவதாகத் தெரியவேண்டும் என்று டீச்சர் கேட்டதும், அவர் விரலை மடக்கி மடக்கி மந்திரம் சொன்னார். "ஒரே சொல்லத் திரும்பத் திரும்பப் போட்டா மெசினுக்கு நம்ம மேல நம்பிக்கை வந்துரும் டீச்சர். அப்பறம், எத்தன பேர் தொறந்து அமத்துறாங்களோ அத்தன படி மேல ஏறும்." முதலில் சொன்னது எனக்குப் புரியவில்லை. இரண்டாவது சட்டென்று புரிந்தது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போய் நின்றால்தான் அன்றைய வேலைக்குப் பேர் விழும். ஆள் நின்றால் பேர், ஆள் இல்லாவிட்டால் பேர் இல்லை. கம்ப்யூட்டரும் அப்படியொரு பெரட்டுத்தான் என்று நான் தீர்மானித்துவிட்டேன். "அம்புட்டுத்தானே டீச்சர், ஆளுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவில், என் பழைய லயத்து வீடுகளிலிருந்து பதினொரு பெண்களைத் திருவிழாச் சேலையில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். மாஸ்டர் எங்கள் விடுதியின் பேரைக் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுப்பார். இவர்கள் வரிசையில் வந்து ஒவ்வொருவராக, எலி என்கிற மவுஸைப் பிடித்து அமத்துவார்கள். "அக்கா, எலி ஓடுது புடிங்க!" என்றாள் ஒருத்தி. "ஒம் புருசனப் புடிச்ச மாரிப் புடிக்காதடி, மெதுவாப் புடி" என்றேன். கடை அதிர்ந்தது. மாலைவரை அமத்தினோம். ஆறு கம்ப்யூட்டரிலும் முதல் வரியில் நாங்கள். மாஸ்டர் அச்சடித்துக் கொடுத்தார், டீச்சர் சிவப்பு வட்டம் போட்டார், நான் வீட்டுக்கு வந்து வடை சுட்டேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான்தானே திரும்பிப் பார்ப்பேன், இதிலென்ன அதிசயம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒருவரும் வரவில்லை. பூப்பார்க்கும் சித்திரைச் சீசன் வந்தது, அப்போதும் வரவில்லை. ஒருநாள் பின்நேரம் மேலே மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டதால், கொழும்பிலிருந்து காரில் போய்க்கொண்டிருந்த புருசனும் பெண்சாதியும் எங்கள் வீட்டில் ஒதுங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலையே இந்த இணையப் பக்கங்கள்தான். டீச்சர் சும்மா இருப்பாரா? சுவரிலிருந்து தாளைக் கழற்றி வந்து காட்டினார். பெண் சிரித்தபடி தன் மடிக்கம்ப்யூட்டரை எங்கள் டெலிபோன் வயரில் கொளுவினாள். அது சேவல் கழுத்தைத் திருகினாற்போலக் கத்தி ஓய்ந்தது. இறம்பொடைப் பக்கம் தங்க இடம் என்று தட்டினாள். முதல் பக்கத்தில் நாங்கள் இல்லை. இரண்டில் இல்லை. பத்துவரை போனாள், இல்லை. பிறகு எங்கள் விடுதியின் பேரையே தட்டினாள். அதிலும் நாங்கள் இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. கையிலிருந்த தேத்தண்ணித் தட்டை இறக்கி வைத்துவிட்டு நானும் கிட்டப் போனேன்.

"பதினோரு பேரு அமத்தினோமே?" என்றேன்.

"அது கணக்குலயே இல்ல ஆன்ட்டி. அமத்தி அமத்தியெல்லாம் மேல ஏத்த ஏலாது." அவள் எங்கள் பக்கத்தை நேரடியாகத் திறந்தாள். மேலே அருவிப் படம், அறைகளின் படம். கீழே வெறும் வெள்ளை. அந்த வெள்ளையின் மேல் எலியைப் பிடித்து இழுத்தாள். நீலம் படர்ந்தது. நீலத்துக்குள்ளே எழுத்துகள் எழும்பின. வரி வரியாக, ஒரே சொற்கள், திரும்பத் திரும்ப, முடிவேயில்லாமல். வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்து. "இதாலதான். மெசின ஏமாத்தப் பாத்தா சில நேரம் மொத்தமாவே தூக்கிடுவாங்க" என்றாள்.

அந்த வெள்ளை எழுத்தை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த வேலை. எடைக்காகக் கூடைக்கு அடியில் முத்தல் இலையை அமுக்கி, மேலே இளங்கொழுந்தைப் பூப்போலப் பரப்பிக்கொண்டு நானே நிறுவைக்குப் போயிருக்கிறேன். கணக்கப்பிள்ளை அடிவரை கையை விட்டார். ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். முத்தல், கொழுந்து என்று பிரிக்காமல் மொத்தக் கூடையையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் கொட்டினார். அத்தனை பேர் பார்க்க நின்ற என்னை, இத்தனை வருசம் கழித்து ஒரு கம்ப்யூட்டருக்குள் மறுபடியும் பார்த்தேன்.

"வரட்டும் அந்தக் கழுத்துப்பட்டிக்காரன். அந்தப் பட்டியிலயே கட்டி வச்சு..." என்று கத்தினேன்.

"அவனைப் பேசாதையும்." டீச்சரின் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "என்னட்டைக் கேட்டுத்தான் எழுதினவன். ஒருத்தர்ட கண்ணுக்கும் தெரியாது எண்டான். நான் ஓமெண்டு சொன்னனான்."

பக்கம் காணாமல் போனதுகூட எனக்கு இவ்வளவு அடி இல்லை. ஒரு கணக்குக்காக என் பிள்ளையை முழங்காலில் நிறுத்திய மனுசி, வீட்டைக் காப்பாற்றக் களவாகத் தலையாட்டியிருக்கிறார். மூன்று மாதம் அதைச் சொல்லாமல் சாமிக்குப் பக்கத்தில் மாட்டியும் வைத்திருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை. சீலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்ட பிள்ளைகள் அப்படித்தான் செய்யும்.

முத்தல் இலைக் கதையை அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். "அடுத்த நாள் பெரட்டுல எல்லாருக்கும் முன்னால நின்னு, 'அடியில முத்தல் போட்டேன், இனிமே போட மாட்டேன்'னு சொன்னேன் டீச்சர். அப்பறம்தான் என் கூடையத் தராசுல வச்சாங்க. நீங்களும் போய்ச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டரிட்டையோ?" என்று டீச்சர் கேட்டார். வழி இருக்கிறது என்றாள் பெண். பிழையை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோம் என்று அந்தத் தேடும் மெசினை நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்கலாம்; சேர்ப்பதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். அவள் தானே எழுதித்தருவதாகச் சொன்னாள். டீச்சர் விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதினார். பிறகு அந்தப் பெண் வெள்ளை எழுத்தையெல்லாம் அழிக்க, விடுதியின் பக்கத்தையும் புதிதாக எழுதினோம். எந்த வளைவில் பஸ் நிற்கும், எத்தனை மணிக்குப் பனிமூட்டம் விலகும், சுடுதண்ணீர் காலையில் மட்டும், மழைக்கு அட்டை கடிக்கும். "சமையல்காரி நிறைய வாயடிப்பாள்" என்றும் டீச்சர் சேர்த்தார். அது உண்மை என்பதால் நான் மறுக்கவில்லை.

மாதங்கள் போயின. பதிலில்லை. ஆவணியில் மகன் வந்து இறங்கினார். டீச்சரின் பெட்டி பாதி கட்டியிருந்தபோது, காலுறையை முழங்கால்வரை இழுத்து ரப்பர் வளையம் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். தன் காலைக் காட்டினார், அட்டை நெளிவதுபோல விரலை நெளித்தார், பிறகு என்னைக் காட்டி, வாயடிப்பதுபோல விரல்களைத் திறந்து திறந்து மூடினார். வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அன்று அந்த மகனே தேடிப் பார்த்துச் சொன்னார்: மூன்றாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரியில் நாங்கள்.

டீச்சர் பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்துத் திரும்ப அடுக்கினார். "வீட்டில ஆள் நிக்குது. விட்டிட்டு வரேலாது."

"ஒராள்தானே அம்மா!"

"பொய் இல்லாமல் வந்த ஆள்" என்றார். மகன் தனியாகத்தான் விமானம் ஏறினார். டீச்சர் பிறகும் ஆறு வருசம், சாகும்வரை, தன் பனியைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தார். அறைகள் சில நாள் நிறைந்தன, சில நாள் இல்லை. முதல் வரிக்கு நாங்கள் ஒருநாளும் வரவில்லை.

இப்போது என் பேத்தி வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறாள். நேற்றுப் போனை என் கையில் திணித்து, "அம்மாயி, என் பக்கத்தத் தொறந்து தொறந்து அமத்துங்க, மேல வரும்" என்றாள். முதலில் போனைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. பெட்டியைத் திறந்து, கூறைச் சேலையைத் தூக்கி, அந்தத் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தொடக்கத்தில் வட்டத்தை மட்டும்தான் உங்களுக்குச் சொன்னேன், வேண்டுமென்றேதான். அந்த வட்டத்தின் குறுக்கே அதே சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய பெருக்கல் அடையாளம் இருக்கிறது. கொழும்புப் பெண் வந்துபோன மறுநாள் டீச்சர் போட்டது. அதன் கீழே, என் மகனின் பள்ளிக் கொப்பியில் எழுதிய அதே முத்து முத்தான கையெழுத்தில்: "பிழை. திருத்தி எழுதுக."