நான்காவது கோடு

கப்டனாவதற்கு முன்பே கப்டன் சட்டை தைத்துக்கொண்டவன் நான். துணைவிமானியின் தோளில் மூன்று பொன்கோடுகள், கப்டனுக்கு நான்கு. திருகோணமலை நகரத்துத் தையற்கடையில் நான்காவதையும் வைத்துத் தைப்பித்து, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வீட்டில் இல்லாத பயணிகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி வந்துவிட்டாள்.

"கப்டன், தரையிறங்கினாப் பிறகு ரெண்டு தேங்காய் உரிச்சுத் தாங்கோ."

உரித்தேன், சட்டையோடு.

எங்கள் கம்பனியில் கப்டனின் இடதுபக்க ஆசனம் சேவைமூப்பின்படிதான் கிடைக்கும். எனக்கு முன்னால் ஒரே ஒருவன் நின்றான். கிண்ணியாக்காரன், என் நண்பன். இருவரும் ஒரேநாளில் சேர்ந்தவர்கள்; அப்படியென்றால் வயதில் மூத்தவர் முந்துவார். அவன் எனக்கு ஒரு மாதம் மூத்தவன்.

"முந்திப் பிறக்கிறதும் ஒரு திறமையோடா?" என்று கேட்பேன்.

"அதை எங்கட உம்மாவிட்டக் கேள் மச்சான். அவதான் அவசரப்பட்டவ."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்வான்: "திறமைக்குப் புள்ளி போடத் தொடங்கினா, புள்ளி போடுறவன்ர வீட்டுக் கலியாணத்தில நாங்கள் சோறு பரிமாற வேணும். சேர்ந்த திகதிக்கு ஆரும் வால்பிடிக்க ஏலாது."

நான் படித்த புத்தகங்களையெல்லாம் துணைக்கு அழைத்து மறுப்பேன். அவன் தொண்டையைச் செருமுவான். பயிற்சிக் காலத்தில் செக்லிஸ்ட் வாசிக்கும்போதும் ஒவ்வொரு வரி முடிவிலும் அந்தச் செருமல் வரும்.

முன்னால் நிற்பவர் ஓய்வுபெற வேண்டும், அல்லது நோயில் விழ வேண்டும். அப்போதுதான் எங்கள் வரிசை நகரும். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. ஒருவரையொருவர் "உடம்பு எப்படி?" என்று விசாரிக்கவே கூசும்.

இடதுபக்க ஆசனம் ஒன்று காலியாகவிருந்த வேளையில் அவனுக்கு வருடாந்த மருத்துவப் பரிசோதனை வந்தது. இதயத்துடிப்பில் ஏதோ ஒழுங்கீனம். இனிப் பறக்க முடியாது என்றார்கள். ஆசனம் எனக்கு வந்தது. மூப்பு முறையை நம்பியவன் வெளியே, பழித்தவன் உள்ளே, அதே முறைப்படி. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அநியாயம் என்று ஆசனத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சட்டை வேறு தயாராக இருந்ததே.

அன்றுமுதல், செக்லிஸ்ட் முடிகையில் என் தோளருகே யாரோ தொண்டையைச் செருமுவது போலிருக்கும். வலப்பக்கத்துத் துணைவிமானி வாயை மூடியபடி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பனி வைத்தியரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எனக்குப் பின்னால் நிற்பவருக்கு யோகம். வைத்தியர் தமிழ் வாசிக்கமாட்டார் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

லீவில் வீட்டுக்கு வந்தால், குடாவுக்கு அப்பால் கிண்ணியா வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். யன்னலைச் சாத்திவிடுவேன். சாத்திய பிறகும் அவை எரிந்துகொண்டிருப்பது தெரியும். பாலத்தால் போனால் கொஞ்ச நேரப் பயணம். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

அவன் வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் இருந்தான். கதிரை தந்தான், பால் விடாத பிளேன்ரீ தந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்: ஆசனம், செருமல், சாத்திய யன்னல். கேட்டு முடித்துத் தொண்டையைச் செருமினான். நான் என் தோளருகே திரும்பிப் பார்த்தேன்.

"நான் ஒருநாளும் இருக்காத சீற்றில என்னெண்டு மச்சான் நான் பேயா வாறது? அதுக்கும் சீனியோரிட்டி இருக்குமெல்லோ. எனக்கு முந்தி எத்தினை பேர் நிக்கினமோ, போய் விசாரிச்சுப் பார்."